எழுத்துக்கு ஒரு ஏரிக்கரை: ஓஹ்ரிட் நகரின் கதை

அன்னை தெரசா பிறந்த ஊர் எது என்று வினாடி வினாவில் கேட்டால் நம் பிள்ளைகள் பட்டென்று "அல்பேனியா" என்று சொல்லிவிடுவார்கள். பாதிதான் சரி. அவர் அல்பேனிய இனத்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் 1910ஆம் ஆண்டு அவர் பிறந்த ஊர் ஸ்கோப்யே. அந்த நகரம் அப்போது துருக்கியரின் உதுமானியப் பேரரசில் இருந்தது. பின்னர் செர்பியாவுக்குப் போனது. அப்புறம் யுகோஸ்லாவியா. 1991 முதல் மாசிடோனியா என்ற தனி நாட்டின் தலைநகர். 2019 முதல் அந்த நாட்டுக்கே பெயர் வட மாசிடோனியா. ஆள் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே நாடு மட்டும் நாலைந்து தடவை மாறிப் போகிற பிரதேசம் அது. பால்கன் என்றாலே அப்படித்தான்.

அந்த வட மாசிடோனியாவின் தென்மேற்கு மூலையில், அல்பேனிய எல்லையை ஒட்டி, ஒரு பெரிய ஏரி. அதன் வடகிழக்குக் கரையில் குன்றின் மேல் அடுக்கடுக்காக வீடுகள் ஏறி நிற்கும் ஒரு சிற்றூர். அதுதான் ஓஹ்ரிட். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி ஊரில் இருப்பவர்கள் ஏறக்குறைய 39,000 பேர். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி, அவ்வளவுதான். ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் எழுத்து வரலாற்றில் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. பெரிய பெரிய பேரரசுகள் இந்த ஊரைப் பிடித்தன, விட்டன. ஊரின் பெயரை நிலைநிறுத்தியவர் ஒரு வாத்தியார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொந்த மண்ணை விட்டு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் யோசிக்க விஷயம் இருக்கிறது.

ஏரியின் வயது

முதலில் ஏரியைப் பார்ப்போம். ஓஹ்ரிட் ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 693 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர், அகலம் 15 கிலோமீட்டர். பரப்பு ஏறக்குறைய 358 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 288 மீட்டர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வட மாசிடோனியாவிலும் மீதி அல்பேனியாவிலும் அடங்கும்.

சாதாரணமாக ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளில் வண்டல் சேர்ந்து தூர்ந்து போய்விடும். இந்த ஏரி தூரவில்லை. 2013இல் பன்னாட்டு விஞ்ஞானிகள் ஏரியின் அடித்தரையில் 500 மீட்டருக்கும் கீழே துளையிட்டு வண்டலை எடுத்து ஆராய்ந்தார்கள். ஏரி குறைந்தது 13 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது என்று 2019இல் முடிவு வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய ஏரிகளில் இது ஒன்று. இவ்வளவு காலம் தனியாகக் கிடந்ததால் உலகில் வேறெங்கும் இல்லாத 200க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்கே உண்டாகியிருக்கின்றன. அவற்றில் ஓஹ்ரிட் டிரவுட் மீன் பெயர் பெற்றது.

தண்ணீர் வரும் வழிதான் விந்தை. பக்கத்தில் கலிச்சிட்சா என்று ஒரு சுண்ணாம்புக்கல் மலை. மலைக்கு அந்தப் பக்கம் பிரெஸ்பா என்ற இன்னொரு ஏரி. அது இதைவிட சுமார் 150 மீட்டர் மேலே இருக்கிறது. அதன் தண்ணீர் மலையின் வயிற்றுக்குள்ளே துளைகள் வழியாக இறங்கி, வடிகட்டப்பட்டு, இந்தப் பக்கம் ஊற்றாகப் பொங்கி ஏரியில் சேருகிறது. ஏரியின் மறுகோடியில் ஸ்த்ருகா என்ற ஊரில் கருந்திரின் என்ற ஆறாக வெளியேறி, அல்பேனியா வழியாக அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. ஒரு தடவை ஏரிக்குள் வந்த தண்ணீர் வெளியே போகச் சராசரி 70 ஆண்டுகள் ஆகுமாம். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

காட்மஸ் முதல் ரோமர் வரை

ஏரியின் அல்பேனியக் கரையில் லின் என்ற கிராமத்தருகே, தண்ணீருக்குள் மரக்கம்பங்கள் நட்டு அதன் மேல் கட்டிய குடியிருப்பின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அவை கி.மு. 6000ஐ ஒட்டியவை என்று 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆக, மனிதர்கள் இந்தக் கரையில் குடியேறி ஏறக்குறைய எண்ணாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

ஓஹ்ரிட்டின் பழைய பெயர் லிக்னிடோஸ். இந்த ஊரை நிறுவியவன் காட்மஸ் என்று ஒரு பழங்கிரேக்கக் கதை உண்டு. காட்மஸ் யார் தெரியுமா? ஃபினீஷியாவிலிருந்து கடல் கடந்து வந்து கிரேக்கர்களுக்கு எழுத்தைக் கொண்டு வந்து கொடுத்தவன் என்று கிரேக்கர்களே சொல்லும் புராண நாயகன். புராணம்தான், வரலாறு இல்லை. ஆனாலும் பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, இந்த ஊருக்கு இப்படியொரு ஸ்தல புராணம் அமைந்தது பொருத்தம்தான் என்று தோன்றுகிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமர்கள் வந்தார்கள். அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து கிழக்கே போகும் வியா எக்னேஷியா என்ற பெருவழியைப் போட்டார்கள். அது பிற்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் வரை போயிற்று. லிக்னிடோஸ் அந்த வழியில் ஒரு முக்கியமான தங்குமிடம். வழிப்போக்கர், வணிகர், படை, மதம், நோய் எல்லாம் அந்தச் சாலையில்தான் வந்தன. கிரேக்கர் காலத்தில் குன்றின் சரிவில் கட்டிய அரைவட்ட அரங்கத்தை ரோமர்கள் மனிதரும் மிருகங்களும் மோதும் களமாக மாற்றினார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த அந்த அரங்கம் 1980களில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது கோடைக்கால இசை விழாவின் நிகழ்ச்சிகள் அங்கே நடக்கின்றன.

கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பூகம்பம் பழைய நகரத்தை அழித்தது. அதை அடுத்து ஸ்லாவிய மக்கள் வடக்கிலிருந்து வந்து குடியேறினார்கள். 879ஆம் ஆண்டுப் பதிவில் ஊரின் பெயர் ஓஹ்ரிட் என்று காணப்படுகிறது. ஊரில் புது மக்கள், புது மொழி. ஆனால் அந்த மொழிக்கு அங்கே எழுத்து இல்லை.

வாத்தியார் வருகிறார்

அந்தக் காலத்தில் கிறிஸ்தவ உலகில் ஒரு கருத்து இருந்தது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே இறைவனைத் துதிக்கலாம் என்று மேற்கே பல குருமார்கள் வாதித்தார்கள். மற்ற மொழியெல்லாம் வீட்டிலும் சந்தையிலும் பேசிக்கொள்ள மட்டும்தானாம். இதை எதிர்த்தவர்கள் தெசலோனிகி நகரத்து அண்ணன் தம்பிகளான மெத்தோடியஸ், சிரில் இருவரும். மழையும் வெயிலும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது மொழி மட்டும் ஏன் மூன்று பேருக்குச் சொந்தம் என்ற பொருளில் சிரில் வாதாடியதாக அவருடைய வரலாறு சொல்கிறது.

இவர்கள் ஸ்லாவிய மொழியின் ஒலிகளுக்கென்றே கிளாகோலிதிக் என்ற புது எழுத்தை அமைத்தார்கள். 863இல் இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதியான மொராவியாவுக்குப் போய் வேத நூல்களை அந்த மொழியில் பெயர்த்தார்கள். தம்பி சிரில் 869இல் காலமானார். அண்ணன் மெத்தோடியஸ் 885இல் போய்ச் சேர்ந்ததும் எதிர்ப்பாளர்களின் கை ஓங்கிற்று. சீடர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். சிலரை அடிமைகளாகவே விற்றுவிட்டார்கள். தப்பியவர்களில் கிளெமென்ட், நவும், அங்கெலாரியஸ் மூவரும் டான்யூப் ஆற்றைக் கடந்து பல்கேரிய அரசன் போரிஸிடம் அடைக்கலம் புகுந்தார்கள். கையில் காசு கிடையாது, மாற்றுத் துணி கிடையாது. அவர்கள் கொண்டு வந்த சொத்து எழுத்து மட்டுமே.

போரிஸ் 886இல் கிளெமென்ட்டைத் தன் நாட்டின் தென்மேற்குப் பகுதிக்கு ஆசிரியராக அனுப்பினான். ஓஹ்ரிட் அந்தப் பகுதியில் இருந்தது. ஏழு ஆண்டுகளில் 3,500 பேருக்கு அவர் கல்வி கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சொல்லித் தந்த விதத்தை அந்த நூல் விவரிக்கும் அழகைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தின் வடிவத்தைக் காட்டிக் கொடுத்தாராம். கொஞ்சம் தேறியவர்களுக்குப் பொருள் விளக்கினாராம். இன்னும் சிலருக்குக் கையைப் பழக்கி எழுத வைத்தாராம். பாமரருக்கும் புரியும்படி எளிய பிரசங்கங்களை எழுதி வைத்தாராம். இன்னொரு சின்னத் தகவலும் அதில் உண்டு. அந்தப் பக்கத்தில் காட்டு மரங்கள்தான் அதிகம் என்பதால், கிரேக்க நாட்டிலிருந்து நல்ல ஜாதிப் பழமரங்களைத் தருவித்து ஒட்டுப் போட்டாராம். பள்ளிக்கூடமும் தோட்டமும் ஒரே ஆள் கையில்.

893இல் அவர் ஆயரானார். பள்ளி வேலையை நவும் ஏற்றுக்கொண்டார். நவும் ஏரியின் தென்கரையில், ஊற்றுகள் பொங்கும் இடத்தில் ஒரு மடம் கட்டி 910இல் மறைந்தார். கிளெமென்ட் 916 ஜூலை 27இல் மறைந்து, ஊருக்குள் பிளாவோஷ்னிக் மேட்டில் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். இன்று ரஷ்யா, பல்கேரியா, செர்பியா முதலிய நாடுகளில் வழங்கும் சிரிலிக் எழுத்தைக் கிளெமென்ட்தான் உண்டாக்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று அவர் தெளிவான புது வடிவங்களை அமைத்ததாகச் சொல்வது உண்மை. ஆனால் சிரிலிக் உருவானது பல்கேரியத் தலைநகராயிருந்த பிரெஸ்லாவில் என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஓஹ்ரிட் பள்ளியில் பழைய கிளாகோலிதிக் எழுத்துதான் நெடுங்காலம் புழங்கியது. இதனால் கிளெமென்ட்டின் பெருமை குறையவில்லை. எழுத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விரலுக்குள் இறக்குவது வேறு வேலை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது அருங்காட்சியகத்துக்குத்தான் போகும்.

மன்னனும் பேராயரும்

10ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாமுவேல் என்ற மன்னன் ஓஹ்ரிட்டைத் தலைநகராக்கிக் கொண்டான். குன்றின் உச்சியிலுள்ள கோட்டை இன்றும் அவன் பெயரால் வழங்குகிறது. பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பாசில் 1014இல் அவனுடைய படையைத் தோற்கடித்தான். சிறைப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களின் கண்களைப் பறித்து, நூற்றுக்கு ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டு, அவன் வழிகாட்ட மற்றவர்களைத் திருப்பி அனுப்பினான் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்த சாமுவேல் மயங்கி விழுந்து சில நாளில் உயிரை விட்டான்.

1018இல் ஊரைப் பிடித்த பாசில், அங்கிருந்த திருச்சபையைத் தன்னாட்சியுள்ள பேராயமாக வைத்தான். 1767இல் துருக்கிய சுல்தான் மூன்றாம் முஸ்தபா கலைக்கும்வரை, 749 ஆண்டுகள் அந்தப் பேராயம் நடந்தது. மன்னர்கள் போனாலும் ஊரின் மதிப்பு போகாததற்கு இதுவே காரணம்.

ஆனால் பேராயர்கள் பெரும்பாலும் கிரேக்கம் பேசியவர்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து தியோஃபிலாக்ட் என்ற மேதை பேராயராக வந்தார். தலைநகரில் சொகுசாக இருந்த மனுஷன். ஆட்டுத்தோல் வாடை அடிக்கும் ஜனங்களுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டேனே என்று நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதிப் புலம்பினார். வேலை நிமித்தம் தெரியாத ஊருக்கு மாற்றலாகிப் போன எந்த அதிகாரியின் கடிதத்தையும் போலவே இருக்கும் அவை! வேடிக்கை என்னவென்றால், மேலே நான் சொன்ன கிளெமென்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் இதே தியோஃபிலாக்ட்தான் என்று கருதப்படுகிறது. தனக்குப் பிடிக்காத ஊரின் ஆசிரியரைப் பற்றி, அந்த ஊர் மொழியில் இருந்த பழைய குறிப்புகளை வைத்து, கிரேக்கத்தில் அன்போடு எழுதினார். அந்த மூலக் குறிப்புகள் அழிந்து போயின. கிரேக்க நூல் தங்கிவிட்டது. எதிர்முகாமில் இருப்பவர் கையால் நம் வரலாறு பிழைப்பதும் உண்டு.

இந்தக் காலத்தின் செல்வங்கள் ஊர்க் கோயில்களில் இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித சோஃபியா பேராலயத்தைத் துருக்கியர்கள் மசூதியாக்கியபோது சுவரோவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். 1950களில் அதைச் சுரண்டி எடுத்தபோது உள்ளே ஓவியங்கள் பத்திரமாக இருந்தன. மூடி மறைத்ததே காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. 1295இல் கட்டி முடித்த பெரிப்லெப்டோஸ் மாதா கோயிலில் மிக்கேல், யூட்டிகியோஸ் என்ற இரு ஓவியர்கள் படைவீரப் புனிதர்களின் உடையிலும் வாளிலும் தங்கள் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓவியன் பெயரைச் சொல்லிக்கொள்ளாத காலத்தில் அது ஒரு துணிச்சல்தான்.

நாலு தலைமுறை, நாலு மொழி

1767இல் பேராயம் கலைந்த பிறகு கோயிலிலும் பள்ளியிலும் கிரேக்கத்தின் பிடி இறுகியது. ஓஹ்ரிட்டில் தோல், கம்பளி உரோமம் வியாபாரம் செழித்தது. வணிகர்கள் ஐரோப்பிய நகரங்கள் வரை போய் வந்தார்கள். வியாபாரத்துக்கும் கௌரவத்துக்கும் கிரேக்கம் வேண்டியிருந்தது. ஸ்லாவிய மொழி அடுப்படி மொழியாயிற்று.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் ஏரியின் மறுகரையிலுள்ள ஸ்த்ருகாவில் பிறந்த மிலதினோவ் சகோதரர்கள். அண்ணன் திமிதார் பள்ளி ஆசிரியர். தம்பி கொன்ஸ்டான்டின் கவிஞர். கிராமம் கிராமமாகத் திரிந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்து 1861இல் ஸாக்ரெப் நகரில் அச்சிட்டார்கள். மறு ஆண்டே இருவரும் கான்ஸ்டான்டிநோபிள் சிறையில் இறந்தார்கள். கொன்ஸ்டான்டின் மாஸ்கோவில் படித்தபோது, அந்தக் குளிரிலும் இருட்டிலும் தன் ஏரிக்கரையை நினைத்து எழுதிய 'தெற்கின் ஏக்கம்' என்ற கவிதை மாசிடோனியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கவிதை. ஊரை விட்டு வந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

திமிதாரின் மாணவர் ஓஹ்ரிட்டில் பிறந்த கிரிகோர் பர்லிச்செவ். ஏழைப் பிள்ளை. கிரேக்கம் படித்து, 1860இல் ஏதென்ஸ் நகரத்துக் கவிதைப் போட்டியில் கிரேக்கர்களையே தோற்கடித்து முதற்பரிசு வாங்கினார். இரண்டாம் ஹோமர் என்று அவரைக் கொண்டாடினார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்க உதவித்தொகை தருவதாகவும் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் ஆசிரியரும் தம்பியும் சிறையில் மாண்ட செய்தி வந்தது. எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊருக்குத் திரும்பினார். பள்ளியில் தாய்மொழி வேண்டும் என்று போராடினார். 1868இல் சிறைக்கும் போனார். 1869இல் ஓஹ்ரிட் பள்ளிகளில் கிரேக்கம் போய் ஸ்லாவிய மொழி வந்தது.

இத்தோடு கதையை முடித்தால் நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் பர்லிச்செவின் வாழ்க்கையில் மிச்சமும் உண்டு. அவர் ஹோமரின் இலியட்டைத் தன் மக்களின் மொழியில் பெயர்த்து 1871இல் வெளியிட்டார். விமர்சகர்கள் அவருடைய மொழியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். சிறுவயதிலிருந்து கிரேக்கத்தில் மட்டும் எழுதிப் பழகிய கைக்குத் தாய்மொழி எழுத்து லாவகமாக வரவில்லை. அதை அவரே தன்வரலாற்றில் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். மொழிக்காகச் சிறை போனவருக்கு அந்த மொழியில் கவிதை வசப்படவில்லை. பேசினால் போதும், எழுத்தெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். 1893இல் ஓஹ்ரிட்டிலேயே அவர் காலமானார்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தின் மொழி சாலைப் பெயர்ப் பலகை மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. முதலில் பல்கேரிய இலக்கிய மொழி. பால்கன் போர்கள் முடிந்து 1913இல் ஊர் செர்பியாவுக்குப் போனதும் செர்பிய மொழி. முதல் உலகப் போரில் 1915இல் பல்கேரியர்கள் வந்ததும் மறுபடி பல்கேரியம். 1918இல் திரும்பச் செர்பியம். இரண்டாம் உலகப் போரில் 1941இல் மீண்டும் பல்கேரியம். கடைசியில் யுகோஸ்லாவியக் கூட்டாட்சியில் மாசிடோனியா ஒரு குடியரசானதும், 1945இல் மாசிடோனிய மொழிக்கு அதிகாரப்பூர்வ அகரவரிசை வகுக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில் கொள்ளுத்தாத்தா கிரேக்கத்திலும், தாத்தா பல்கேரியத்திலும், அப்பா செர்பியத்திலும், பிள்ளை மாசிடோனியத்திலும் பள்ளிப் பாடம் எழுதியிருப்பார்கள். வீட்டில் பேசியது என்னவோ ஏறக்குறைய ஒரே பேச்சுதான்!

யாருடைய கிளெமென்ட்?

இப்போதும் சச்சரவு ஓயவில்லை. பல்கேரியாவின் சோஃபியா பல்கலைக்கழகத்தின் பெயர் 'ஓஹ்ரிட் புனித கிளெமென்ட்'. வட மாசிடோனியாவின் பிட்டோலா பல்கலைக்கழகத்துக்கும் அதே பெயர். ஸ்கோப்யேயின் தேசிய நூலகத்துக்கும் அதே பெயர். டிசம்பர் 8 அவர் பெயரில் அங்கே பொது விடுமுறை. எழுத்து சொல்லிக் கொடுத்தவரைத் தெய்வத்துக்குச் சமமாக வைப்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் இரண்டு நாடுகள் ஒரே வாத்தியாரை "எங்களவர்" என்று இழுத்தால்?

மாசிடோனிய மொழி தனி மொழி அல்ல, பல்கேரியத்தின் ஒரு வடிவமே என்பது பல்கேரியாவின் வாதம். எங்கள் மொழி எங்களுடையது என்பது மாசிடோனியர்களின் பதில். இந்த வரலாறு, மொழிச் சண்டையால் 2020 நவம்பரில் வட மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சைப் பல்கேரியா தடுத்து நிறுத்தியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பள்ளிக்கூடம் இன்றைய அரசியலில் புகுந்து வழிமறிக்கிறது என்றால் எழுத்தின் பலம் என்னவென்று புரியும். கிளெமென்ட்டைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? அவர் காலத்தில் இந்த இரண்டு நாடுகளும் இன்றைய வடிவில் கிடையாது. யார் பிள்ளை என்று கேட்டு அவர் எழுத்து சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

ஊருக்கு இன்னொரு குணமும் உண்டு. சண்டை போட்டவர்கள் உட்கார்ந்து பேச இந்த ஏரிக்கரைக்கு வருவார்கள். 2001இல் நாட்டின் அல்பேனியச் சிறுபான்மையினருக்கும் அரசுக்கும் ஆயுத மோதல் மூண்டது. பேச்சுவார்த்தை ஓஹ்ரிட்டில் நடந்தது. ஆகஸ்ட் 13 அன்று ஸ்கோப்யேயில் கையெழுத்தான உடன்படிக்கைக்கு ஓஹ்ரிட் பெயரே நிலைத்துவிட்டது. அதன் முக்கியமான ஷரத்து மொழி பற்றியது. மக்கள்தொகையில் குறைந்தது 20 சதவீதத்தினர் பேசும் மொழியும் ஆட்சி மொழியாகும், அந்த மொழியில் பல்கலைக்கழகக் கல்விக்கும் அரசு பணம் தரும் என்று அது சொன்னது. தன் மொழிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய மக்கள், பக்கத்து வீட்டுக்காரனின் மொழிக்கும் இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம். எளிதில் வந்த மனசு இல்லை அது. உயிர்கள் போன பிறகே வந்தது. ஆனாலும் வந்தது.

கலைந்த பேராயமும் ஒருவழியாகத் திரும்பியது. 1958இல் ஓஹ்ரிட்டில் கூடிய சபை அதை மீட்டதாக அறிவித்தது. கலைக்கப்பட்டு சரியாக 200 ஆண்டு கழித்து, 1967இல் முழுத் தன்னாட்சி அறிவித்தது. மற்ற சபைகள் ஏற்கவில்லை. 2022இல்தான் செர்பியத் திருச்சபை அந்தத் தன்னாட்சியை ஒப்புக்கொண்டது.

ஸ்த்ருகாவில் ஆற்றுப் பாலத்தின் மேல் ஆண்டுதோறும் கவிஞர்கள் கவிதை படிக்கும் விழா 1962 முதல் நடந்து வருகிறது. தொடக்கத்தில் கொன்ஸ்டான்டினின் 'தெற்கின் ஏக்கம்' வாசிக்கப்படும். அந்த விழாவின் பொன்மாலை விருதை 1983இல் பெற்றவர் நம் நாட்டு ஹிந்திக் கவிஞர் அக்ஞேய. அந்தக் கரைக்கும் நமக்கும் இப்படியும் ஒரு நூலிழை இருக்கிறது.

இன்றைய கவலை

யுனெஸ்கோ 1979இல் ஏரியையும் 1980இல் ஊரையும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. 2019இல் அல்பேனியப் பகுதியும் சேர்க்கப்பட்டது. இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்து இந்தச் சிறப்பைப் பெற்ற இடங்கள் உலகில் குறைவு. ஆனால் கரையோரம் கட்டிடங்கள் பெருகுவதும், கழிவுநீர் கலப்பதும், கரையிலுள்ள சதுப்பு நிலம் சுருங்குவதும் யுனெஸ்கோவைக் கவலைப்பட வைத்தன. 2021இல் இந்த இடத்தை ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கும் பரிந்துரையே வந்தது. அந்த ஆண்டு சேர்க்காமல் அவகாசம் கொடுத்தார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதால் கட்டாதே என்று சொல்வதும் சுலபமில்லை. இங்கேதான் அந்த 70 ஆண்டுக் கணக்கு வருகிறது. இன்று அப்பா கலக்கவிடும் அழுக்கு, பேரன் காலத்திலும் ஏரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மொழியும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. இன்று ஊற்றாக இறங்குவது ஒரு வாழ்நாள் தங்கும். இன்று இறங்காமல் போனது, தேவைப்படும்போது தேடினாலும் வராது. பர்லிச்செவுக்கு வராமல் போனது போல.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நம் பிள்ளைகள் 'ழ'வை எழுதத் திணறும்போது, "இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல நமக்கும் திணறும். பரீட்சைக்கு உதவாது, வேலைக்கும் உதவாது, உண்மைதான். அடுத்த முறை அப்படிக் கேட்டால் இந்த ஏரிக்கரை ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். ஓஹ்ரிட்டைப் பிடித்த மன்னர்களின் பட்டியல் நீளமானது; அதை அந்த ஊர்க்காரர்களே மறந்திருப்பார்கள். விரட்டப்பட்டு, வெறுங்கையோடு வந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய ஒரு மனிதரை மட்டும் 1,100 ஆண்டுகளாக மறக்கவில்லை. அப்புறம் பிள்ளையின் கையைப் பிடித்து இன்னொரு தடவை 'ழ' போட வையுங்கள்.